படத்துக்குக் கீழ ஒரு வரி எழுதுங்க: கடலூர் வாட்ஸ்ஆப் குரூப் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர்ல தெருவுக்குத் தெரு, நகருக்கு நகர், ஸ்கூலுக்கு ஸ்கூல் வாட்ஸ்ஆப் குரூப் நடத்துற அட்மின் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும், சார் மேடம்களுக்கும் வணக்கம்.

நான் ஆல்பேட்டை பக்கம் குடியிருக்கேன். அரசுப் பள்ளில தமிழ் டீச்சர். எனக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. பொறக்கும்போதே அப்படி இல்ல, சின்ன வயசுல பொழுது சாஞ்சா தடுமாறுவேன், மாலைக்கண்ணுன்னு நெனச்சு அம்மா முருங்கைக்கீரையும் கேரட்டுமா ஆக்கிப் போட்டுக்கிட்டே இருந்தாங்க, அப்புறம் தான் அது விழித்திரை சம்பந்தப்பட்ட நோய், ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசான்னு டாக்டர் சொன்னாரு, பார்வை ஓரத்துலருந்து கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிக்கிட்டே வந்து இப்போ வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும் தெரியும். உங்க குரூப்ல என்ன மாதிரி ஒருத்தர் இருக்காங்கன்னு உங்களுக்கு தெரியாமலே இருக்கலாம். 2011 சென்சஸ் கணக்குப்படியே நம்ம நாட்டுல பார்வைக் குறைபாடு உள்ளவங்க 50 லட்சத்துக்கு மேல, அதனால 200 பேர், 500 பேர் இருக்குற குரூப்ல ஒருத்தராவது இருக்க வாய்ப்பு இருக்கு. வயசாகி கண்புரை விழுந்தவங்க, சக்கரை நோயால பார்வை மங்குனவங்கன்னு பாத்தா இன்னும் அதிகம்.

நான் ஃபோனை எப்படி யூஸ் பண்றேன்னு நெறைய பேர் கேப்பாங்க. ஆண்ட்ராய்டு ஃபோன்ல டாக்பேக்னு ஒண்ணு இருக்கு, செட்டிங்ஸ்ல அக்ஸஸபிலிட்டிக்குள்ள போய் பாருங்க, உங்க ஃபோன்லயும் அநேகமா இருக்கும், தனியா காசு குடுத்து வாங்குறது இல்ல. அதை ஆன் பண்ணா விரல் படுற இடத்துல என்ன இருக்கோ அதை வாய்விட்டு சொல்லும். வலது பக்கம் தள்ளுனா அடுத்ததுக்கு போகும், ரெண்டு தட்டு தட்டுனா திறக்கும். தமிழ் நல்லாவே படிக்கும், நான் ஸ்பீடு கூட்டி வச்சு கேக்குறதால பக்கத்துல இருக்குறவங்களுக்கு புரியாது, எனக்கு பழகிருச்சு. குரூப்ல நீங்க டைப் பண்ணி போட்டா அனுப்பினவங்க பேரு, மெசேஜ், டைம் எல்லாம் வரிசையா சொல்லிடும். ஆனா நீங்க ஒரு நோட்டீஸை ஃபோட்டோவா போட்டா, உங்க பேரை சொல்லும், "ஃபோட்டோ"ன்னு சொல்லும், டைம் சொல்லும். அவ்வளவு தான். அந்த ஃபோட்டோக்குள்ள கல்யாணப் பத்திரிகை இருக்கா, சாவு செய்தி இருக்கா, நாளைக்கு தண்ணி வராதுன்னு இருக்கா, எனக்கு எல்லாமே "ஃபோட்டோ" தான்.

ஏன் அப்படின்னா, நீங்க டைப் பண்ற ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோட்ன்ற பொதுப் பட்டியல்ல ஒரு நம்பர் இருக்கு, ஃபோன் அந்த நம்பரை வச்சு இது 'க', இது 'ட', இது 'ல'னு தெரிஞ்சுக்கிட்டு படிக்குது. படத்துல எழுத்தே கிடையாது, வெறும் கலர் புள்ளி தான், கோயில் கோபுரத்தை ஃபோட்டோ எடுத்தாலும் கலெக்டர் ஆபீஸ் ஆர்டரை ஃபோட்டோ எடுத்தாலும் ஃபோனுக்கு ரெண்டும் ஒண்ணு தான்.

இதனால என்ன ஆகுதுன்னு ஒரு நாள் நடந்ததை சொல்றேன். மழைக்காலம். ராத்திரி பூரா பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு, கரன்ட் போயிருச்சு, அதனால டிவியும் இல்ல. காலைல ஆறரைக்கு ஸ்டாஃப் குரூப்ல சத்தம் வந்துச்சு, எடுத்து கேட்டா "ஃபோட்டோ". அதுக்கு கீழ வரிசையா "தம்ஸ் அப்", "தம்ஸ் அப்", "சிரித்த முகம்", ஒருத்தர் "சூப்பர்", இன்னொருத்தர் "தேங்க்யூ சார்". மழை லீவா இருக்குமோன்னு தோணுச்சு, ஆனா மாசக் கடைசி, சம்பள பில் பத்தி ஏதாவது வந்திருந்தா கூட இதே மாதிரி தான் தம்ஸ் அப் போடுவாங்க. "என்ன போட்டிருக்கு, யாராவது சொல்லுங்க"ன்னு டைப் பண்ணி போட்டேன். அதுக்கு மேல இன்னும் ஏழெட்டு தம்ஸ் அப் வந்து என் கேள்வி அடியில போயிருச்சு. ரெண்டு பேருக்கு ஃபோன் அடிச்சேன், லைன் போகல. தெரியாம வீட்ல உக்காந்துட்டு அப்புறம் ஆப்சென்ட் ஆகிடக் கூடாதேன்னு குடையும் ஸ்டிக்குமா கெளம்பிட்டேன்.

மழைல ஸ்டிக் புடிச்சு நடக்குறது எப்படின்னு கண்ணு தெரிஞ்சவங்களுக்கு சொன்னா தான் புரியும். காஞ்ச ரோட்ல ஸ்டிக்கை தட்டுனா வர்ற சத்தத்துலயே இது தார், இது மண்ணு, இது சாக்கடை மூடின்னு பிரிச்சுடலாம். முழங்கால் கீழ தண்ணி நின்னா ஸ்டிக் மெதக்குற மாதிரி இருக்கும், ரோடு எங்க முடியுது காவா எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது, குடை மேல விழுற மழை சத்தத்துல பின்னாடி வர்ற வண்டியும் கேக்காது. அப்படியே நடந்து, பஸ் புடிச்சு, எறங்கி, ஸ்கூல் கேட்டை தொட்டா ஈரப் பூட்டு கையில பட்டுச்சு. எதிர் டீக்கடைக்காரர் ஓடி வந்து "என்ன டீச்சர், இன்னைக்கு லீவு ஆச்சே"ன்னு சொன்னாரு. அவர் குடுத்த டீயை குடிச்சுக்கிட்டு நிக்கும்போது குரூப்ல பதில் வந்துச்சு, மணி எட்டு நாப்பது. "லீவு டீச்சர்." ரெண்டே சொல்லு. காலைல ஆறரைக்கு அந்த ஃபோட்டோவுக்கு கீழ "இன்னைக்கு லீவு"ன்னு யாராவது எழுதியிருந்தா நான் அந்த தண்ணில எறங்கியிருக்க மாட்டேன்.

அந்த குரூப்ல யாரும் கெட்டவங்க இல்ல. நான் படி எறங்கும்போது கை குடுக்குறவங்க, நான் திருத்த வேண்டிய ஆன்சர் பேப்பரை உக்காந்து படிச்சு காட்டுறவங்க அவங்க தான். படம் எனக்கு கேக்காதுன்றது அந்த நேரத்துல யாருக்கும் தோணல, அவ்வளவு தான், அதனால தான் கோவிச்சுக்காம இப்படி உக்காந்து எழுதுறேன்.

ஆனா லீவு ஒரு நாள் விஷயம். ஃபெஞ்சல் புயல் அப்போ நடந்தது அப்படி இல்ல.

2024 நவம்பர் 30 ராத்திரி புயல் புதுச்சேரிகிட்ட கரையைக் கடந்துச்சு, கடந்தும் போகாம அங்கயே நின்னு ஊத்துச்சு, புதுச்சேரில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர்னு சொன்னாங்க. நம்ம பக்கம் காத்தோட போச்சுன்னு மூச்சு விட்டோம். அப்புறம் தான் சாத்தனூர் டேம்லருந்து தண்ணி தொறந்தாங்க, செகண்டுக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கு மேல, தென்பெண்ணை கரையில இருக்குற நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, தாழங்குடா, குண்டு உப்பலவாடின்னு எல்லா பக்கமும் தண்ணி ஏறுச்சு. டிசம்பர் 2, திங்கக்கிழமை. எங்க வீட்ல நானும் அம்மாவும் மட்டும், அம்மாவுக்கு 70 வயசுக்கு மேல ஆவுது, சின்ன எழுத்து படிக்க வராது. ஏரியா குரூப்ல ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழுது. ஃபோட்டோ. ஃபோட்டோ. வீடியோ. ஃபோட்டோ. எண்ணிப் பாத்தேன், ஒரு மணி நேரத்துல 23 ஃபோட்டோ. அதுல எங்க தெரு பேரு இருக்கா, எந்த பள்ளிக்கூடத்துல தங்க வைக்கிறாங்க, எந்த ரோடு போகலாம் எந்த ரோடு போகக் கூடாது, ஒண்ணும் தெரியல.

கேக்கலாம்னு டைப் பண்ண போனா டைப் பண்ற பெட்டியே இல்ல. வதந்தி பரவக் கூடாதுன்னு அட்மின் மட்டும் மெசேஜ் போடுற மாதிரி குரூப்பை லாக் பண்ணிட்டீங்க. அது நல்ல முடிவு தான், அந்த நேரத்துல டேம் ஒடைஞ்சுருச்சுன்னு எவனோ கெளப்பி விட்டான், லாக் பண்ணலன்னா ஊரே ஓடியிருக்கும். ஆனா லாக் பண்ண குரூப்ல படமா வந்தா எனக்கு படிக்கவும் வழி இல்ல, கேக்கவும் வழி இல்ல. அட்மின் ஒருத்தருக்கு தனியா மெசேஜ் அனுப்புனேன், ஒரு டிக் தான், அவர் பக்கம் நெட்வொர்க் இல்லாம இருந்திருக்கும், அவரும் தண்ணில நின்னுக்கிட்டு தானே இருந்திருப்பாரு.

கடைசில எதிர் வீட்டுப் பையன், ப்ளஸ் டூ படிக்கிறான், எனக்கு தனியா டைப் பண்ணி அனுப்புனான். "அக்கா ஆத்துல தண்ணி ஏறுதாம், நம்ம தெருவும் லிஸ்ட்ல இருக்கு, துணிமணி ரேஷன் கார்டு எடுத்து வைங்க, அப்பா வண்டி எடுத்துட்டு வர்றாரு". டாக்பேக் அதை படிச்சு முடிக்கிறதுக்குள்ள அம்மா பையை தேட ஆரம்பிச்சுட்டாங்க. அந்த மெசேஜை நான் இன்னும் அழிக்கல. அவன் அந்த 23 ஃபோட்டோல இருந்ததை ஒரே மூச்சுல எழுதிட்டான், ஒரு முற்றுப்புள்ளி கூட வைக்கல, எனக்கு அது போதும்.

எங்க அப்பா முதுநகர் துறைமுகத்துல வேலை பாத்தவரு. நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்போ புயல் வந்தா அவர் சொல்றது தான் எங்களுக்கு செய்தி. ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்கன்னா தூரத்துல எங்கயோ இருக்கு, மூணுன்னா கட்டுமரம் கடலுக்கு போகக் கூடாது, நம்பர் பெருசானா அப்பா வீட்டு ஓட்டை கயிறு போட்டு கட்டுவாரு. கூண்டுன்றது கண்ணால பாக்குற சிக்னல், ராத்திரின்னா அதுக்கு பதில் சிவப்பு விளக்கு வெள்ளை விளக்கு. ஆனா எங்க தெருவுல கூண்டை நேர்ல பாத்தவங்க ரொம்ப கம்மி. பாத்தவர் ஒருத்தர் வந்து "மூணாம் நம்பர் ஏத்திட்டாங்க"ன்னு வாயால சொல்லுவாரு, அதை கேட்டவர் அடுத்த தெருவுல சொல்லுவாரு, அப்புறம் ஆட்டோல மைக் கட்டிக்கிட்டு வருவாங்க. எங்க தெருக்கோடியில ஒரு பாட்டி இருந்தாங்க, சுத்தமா கண்ணு தெரியாது, எல்லாருக்கும் தெரிஞ்ச அதே நேரத்துல அவங்களுக்கும் தெரிஞ்சுரும். 2011 டிசம்பர்ல தானே புயல் வந்தப்போ கூட எனக்கு நிழல் மாதிரி தான் தெரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, மைக்ல சொன்னதை கேட்டு தான் நாங்க பக்கத்து மாடி வீட்டுக்கு போனோம். இன்னைக்கு என் கையில அந்த பாட்டி கையில இல்லாத ஃபோன் இருக்கு, 23 ஃபோட்டோ வந்து கெடக்கு, ஆனா அந்த பாட்டிக்கு தெரிஞ்ச அளவு கூட எனக்கு தெரியல. இது எனக்கு அன்னைக்கு ராத்திரி பூரா நெஞ்சுல இருந்துச்சு.

இதை சொன்னா ஒடனே "அதான் ஏஐ வந்துருச்சே டீச்சர், லென்ஸ்ல காட்டுனா படிச்சுருமே"ன்னு சொல்றாங்க. படிக்கும், உண்மை தான், நானும் யூஸ் பண்றேன். கூகுள் லென்ஸ் தமிழை எடுக்கும், லுக்அவுட், சீயிங் ஏஐன்னு எங்களுக்காகவே செஞ்ச ஆப் இருக்கு, பீ மை ஐஸ்னு ஒண்ணுல முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் வீடியோ கால்ல வந்து படிச்சு சொல்லுவாங்க, புதுசா வர்ற சில ஃபோன்ல டாக்பேக்கே படத்தை விவரிக்குது. இதெல்லாம் செஞ்சவங்களுக்கு நான் நன்றி சொல்லிக்கிட்டே இருப்பேன். ஆனா ஒரு ஃபோட்டோவை திறந்து, ஷேர் தேடி, ஆப் தேடி, அது லோட் ஆகி, படிச்சு முடிக்க எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். 23 ஃபோட்டோவுக்கு கணக்கு போட்டுக்கோங்க. அதுவும் அந்த ஃபோட்டோ யாரோ ஒருத்தர் நோட்டீஸ் போர்டை சாய்வா எடுத்தது, இல்ல கையெழுத்து, இல்ல மஞ்சள் பின்னணியில வெள்ளை எழுத்து, அப்போ 3 வந்து 8 ஆகும், "இல்லை"ன்ற சொல்லு விட்டுப் போகும். நீங்க லென்ஸ்ல எடுத்தா தப்பு இருந்தா கண்ணுல படும், திருத்திடுவீங்க. எனக்கு தப்புன்னே தெரியாது, அதை நம்பி கெளம்பிடுவேன்.

அதோட லென்ஸுக்கு நெட் வேணும். புயல் அன்னைக்கு நெட் எங்க இருக்கு? டவர் போயிரும், இருக்குற டவர்ல ஊரே தொங்கும். அந்த நேரத்துல படம் வட்டமா சுத்திக்கிட்டே இருக்கும், எறங்காது, கண்ணு நல்லா இருக்குறவங்களுக்கும் எறங்காது. தமிழ்ல 'க'வோ, கொம்போ, புள்ளியோ, ஒரு குறிக்கு 3 பைட், 300 குறி உள்ள ஒரு அறிவிப்பு 900 பைட், ஒரு கேபி கூட இல்ல. ஒரு ஃபோட்டோ சாதாரணமா 100, 200 கேபி இருக்கும். அதாவது ஒரு ஃபோட்டோ போற வழில நூறு அறிவிப்பு எழுத்தா போயிரும். பேரிடர் மேலாண்மை ஆணையத்துலருந்து மழை எச்சரிக்கை தமிழ்ல எஸ்எம்எஸ்ஸா வரும் பாருங்க, நெட்டே இல்லாதப்போ கூட வந்து விழும், என் டாக்பேக் அதை தங்கம் மாதிரி படிக்கும்.

எழுத்தா போட்டா எனக்கு மட்டும் இல்ல நல்லது. எங்க அம்மா மாதிரி ஆளுங்க ஃபோன்ல எழுத்து சைஸை பெருசு பண்ணி வச்சிருப்பாங்க, மெசேஜ் பெருசா தெரியும், படத்துல இருக்குற எழுத்து பெருசாகாது, விரிச்சு விரிச்சு பாத்தா கலங்கிப் போகும். சிப்காட் பக்கம் வேலைக்கு வந்த வடநாட்டு ஆளுங்க நம்ம தெருவுலயே எத்தனை பேர் குடியிருக்காங்க, எழுத்தா இருந்தா காப்பி பண்ணி அவங்க மொழிக்கு மாத்திப்பாங்க. கரன்ட் கம்ப்ளைன்ட்டுக்கு மின்னகம் நம்பர் 94987 94987, மாவட்ட கன்ட்ரோல் ரூமுக்கு 1077, இதை எழுத்தா போட்டா நம்பர் மேல தட்டுனாலே டயலுக்கு போகும், படமா போட்டா மனப்பாடம் பண்ணி அடிக்கணும். அப்புறம் தேடுறது. மூணு மாசம் முன்னாடி குரூப்ல வந்த லாரி தண்ணிக்காரர் நம்பர் வேணும்னா "தண்ணி"ன்னு தேடுனா வரும், படத்துக்குள்ள இருந்தா நீங்களே மேல மேல தள்ளிக்கிட்டு தான் போகணும். நீங்களும் இதை அனுபவிச்சிருப்பீங்க.

சில அட்மின் என் மேல இருக்குற அக்கறையில வாய்ஸ் மெசேஜ் போடுறாங்க. மனசார சந்தோஷம். ஆனா எங்க குரூப்லயே காது கேக்காத ஒரு தம்பி இருக்கான், மெக்கானிக், அவனுக்கு வாய்ஸ் போட்டா எனக்கு படம் போட்ட மாதிரி தான். எழுத்துன்னா அவன் கண்ணால படிச்சுப்பான், நான் காதால படிச்சுப்பேன், ரெண்டு பேருக்கும் ஒரே மெசேஜ் போதும்.

பிடிஎஃப் பத்தியும் சொல்லணும், ஸ்கூல் குரூப் அட்மின்களுக்கு முக்கியமா. சில சர்க்குலர் பழைய ஃபான்ட்ல டைப் பண்ணி பிடிஎஃப் ஆக்கி வருது. பாமினி மாதிரி ஃபான்ட்ல நீங்க பாக்குறது தமிழ் எழுத்து, ஆனா உள்ள இருக்குறது இங்கிலீஷ் எழுத்து, தமிழ் மாதிரி சட்டை மட்டும் போட்டிருக்கும். அதுல "தமிழ்"னு இருந்தா என் ஃபோன் அதை "ஜே கே பி ஓ செமிகோலன்"னு படிக்கும். நான் தமிழ் டீச்சர். இருபது வருஷமா பிள்ளைங்களுக்கு ழகரம் சொல்லிக் குடுத்தவ, ஒரு தமிழ்ப் பயிற்சி சர்க்குலர் எனக்கு ஜே கே பி ஓன்னு வருது, நாலு பக்கமும் அப்படியே. அன்னைக்கு ஃபோனை மூடி வச்சுட்டு கொஞ்ச நேரம் பேசாம உக்காந்துட்டேன். 2010-லயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டுருச்சு. அதனால யாராவது பழைய ஃபான்ட்ல அனுப்புனா தயவு செஞ்சு அவங்ககிட்டயே யூனிகோட்ல கேளுங்க, ஆன்லைன்ல மாத்துற கன்வெர்ட்டர் நெறைய இருக்கு, ஒட்டுனா அடுத்த நொடில மாறிடும்.

சட்டம் இருக்கே, கேஸ் போடலாமேன்னு ஒரு வக்கீல் தோழி கேட்டாங்க. இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 42-வது பிரிவு தகவல் தொடர்புல எங்களுக்கு அணுகல் வேணும்னு அரசாங்கத்தை கட்டுப்படுத்துது. போன வருஷங்கள்ல எங்க ஆளுங்க பேங்க் அக்கவுன்ட் ஆன்லைன்ல தொறக்கும்போது "கண்ணை சிமிட்டு"ன்னு ஃபோன் கேக்கும், செல்ஃபி வட்டத்துக்குள்ள முகத்தை வைன்னு சொல்லும், வட்டம் எங்க இருக்குன்னு எங்களுக்கு எப்படி தெரியும், ஆசிட் வீச்சுல கண் இமையே போனவங்க எப்படி சிமிட்டுவாங்க? அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2025 ஏப்ரல் 30-ம் தேதி, டிஜிட்டல் சேவையை அணுகுறது அரசியல் சட்டம் 21-வது பிரிவு சொல்ற வாழும் உரிமையோட ஒரு பகுதின்னு தீர்ப்பு வந்துச்சு. அன்னைக்கு எங்க பார்வையற்றோர் குரூப்ல விடிய விடிய பேசிக்கிட்டு இருந்தோம். ஆனா அந்த சட்டம் அரசாங்கத்தையும் கம்பெனியையும் தான் கேக்கும். நம்ம தெரு குரூப்பை எந்த கோர்ட்டும் கேக்காது, கேக்கவும் வேணாம், நீங்க சம்பளம் வாங்காம, திட்டு வாங்கிக்கிட்டு, வீட்டு வேலைக்கு நடுவுல இதை செய்யுறீங்க. உங்ககிட்ட நான் உரிமையோட கேக்குறது பக்கத்து வீட்டுக்காரின்ற உரிமையில தான்.

"எங்களுக்கே மேலருந்து இமேஜா தான் வருது, ஃபார்வர்ட் தான் பண்றோம்"னு சொல்லுவீங்க, தெரியும். முழுசா டைப் பண்ண சொல்லல. ஃபோட்டோ அனுப்பும்போது கீழ கேப்ஷன்னு ஒரு இடம் இருக்கு, அதுல என்ன, எப்போ, எங்க, யாருக்கு ஃபோன் பண்ணணும், இது நாலும் இருந்தா போதும். "நாளை செவ்வாய் காலை 9 முதல் மாலை 5 வரை நம்ம ஏரியால கரன்ட் இருக்காது" இவ்வளவு தான். டைப் பண்ண கஷ்டமா இருந்தா கீபோர்டுல மைக் பட்டனை அழுத்தி தமிழ்ல பேசுங்க, அதுவே டைப் பண்ணிக்கும், நானே இந்த மடல்ல பாதியை அப்படி தான் எழுதுறேன். நோட்டீஸ் பெருசா இருந்தா லென்ஸ்ல வச்சு டெக்ஸ்ட்டை காப்பி பண்ணி ஒரு தடவை கண்ணால சரி பாத்துட்டு போட்டுடுங்க. நீங்க ஒருத்தர் ஒரு நிமிஷம் செலவு பண்ணா, குரூப்ல இருக்குற நாங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா தடவிக்கிட்டு இருக்க வேணாம். குரூப்பை லாக் பண்ணும்போது மட்டும் இதை கண்டிப்பா செய்யுங்க, ஏன்னா அப்போ எங்களுக்கு கேக்குற வழியும் கெடையாது.

அப்படியே இன்னொண்ணு, சின்னது தான். காலை வணக்கத்துக்கு இருபது ரோஜாப்பூ வரிசையா போட்டா டாக்பேக் ஒவ்வொண்ணா சொல்லும், முக்கியமான விஷயம் அந்த பூவுக்கு அப்புறம் இருந்தா அது வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும். ஒண்ணு ரெண்டு போடுங்க, அன்பு அதுலயே வந்துரும். இங்கிலீஷ்ல வளைச்சு நெளிச்சு ஸ்டைல் எழுத்து போடுறாங்களே, அதை ஃபோன் சில சமயம் படிக்காமலே தாண்டிடும், வீட்டு விசேஷத்துக்கு கூப்பிடுறவங்க பேரை அதுல போட்டா யாரு வீட்டு விசேஷம்னே எனக்கு தெரியாது.

திருப்பாதிரிப்புலியூர் பக்கம் எனக்கு தெரிஞ்ச ஒரு குரூப்ல அட்மின் அக்கா ஒருத்தங்க ஆறு மாசமா இதை செய்யுறாங்க. நான் ஒரு தடவை ஃபோன்ல சொன்னேன், அவ்வளவு தான். அதுலருந்து தேர் போற நேரமா இருந்தாலும், கேஸ் சிலிண்டர் கேம்ப்பா இருந்தாலும் படத்துக்கு கீழ ரெண்டு வரி இருக்கும். ஒரு தடவை கெடிலம் ஆத்துல தண்ணி வந்தப்போ பாலத்து ஃபோட்டோ போட்டுட்டு கீழ "தண்ணி பாலத்துக்கு ரொம்ப கீழ தான் ஓடுது, பயப்பட ஒண்ணும் இல்ல, பஸ் போகுது"ன்னு எழுதியிருந்தாங்க. அது நோட்டீஸ் கூட இல்ல, அவங்க கண்ணால பாத்தது. அதை கேட்டுட்டு நான் பஸ் ஏறி வேலைக்கு போனேன். இப்போ அந்த குரூப்ல மத்தவங்களும் அப்படியே எழுத ஆரம்பிச்சுட்டாங்க, பேத்தி பொறந்த ஃபோட்டோ போட்ட ஒரு தாத்தா "மூணு கிலோ, தலை நெறைய முடி, கண்ணு மூடிக்கிட்டு இருக்கா"ன்னு எழுதியிருந்தாரு. நான் அந்தக் கொழந்தையை பாத்தேன்னு தான் சொல்லுவேன்.

ஐப்பசி வந்தா மறுபடி மழை. அதுக்குள்ள உங்க குரூப்ல ஒரு தடவை "கண்ணு தெரியாதவங்க, காது கேக்காதவங்க யாராவது இருக்கீங்களா, உங்களுக்கு எப்படி போட்டா வசதி"ன்னு கேட்டு ஒரு மெசேஜ் போடுங்க, எழுத்தா போடுங்க. வெளிய சொல்ல கூச்சப்படுறவங்க தனியா வந்து சொல்லுவாங்க. டைப் பண்ண ஆள் இல்லன்னா ஆல்பேட்டை குரூப்லயும் ஸ்டாஃப் குரூப்லயும் என் நம்பர் இருக்கு, ராத்திரி எந்நேரம் ஆனாலும் கூப்பிடுங்க. நோட்டீஸ்ல என்ன இருக்குன்னு நீங்க படிங்க, நான் கேட்டு டைப் பண்ணி அனுப்புறேன், அதை குரூப்ல போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஆல்பேட்டையிலருந்து ஒரு தமிழ் டீச்சர், கடலூர்.